ஐயத்தின் இருப்பிடம்

1

சந்தேகம் என்று பேச்சு வந்ததும் நம் எழுத்தாளர்கள் நேரே பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவுக்குப் போய்விடுகிறார்கள். டெகார்ட் தனியாக ஒரு அறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சந்தேகித்தார், அங்கிருந்து நவீன மனம் பிறந்தது என்பது வாய்ப்பாடு. அதன் பின் கீர்க்ககார்ட், காம்யு. நமக்குப் பக்தி, அவர்களுக்குச் சந்தேகம் என்ற இந்தப் பாகப்பிரிவினை இங்குள்ள பக்தர்களுக்கும் வசதியாக இருக்கிறது, பகுத்தறிவாளர்களுக்கும் வசதியாக இருக்கிறது. முன்னவர்கள் அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள், பின்னவர்கள் குற்றமாகச் சொல்கிறார்கள். இரு தரப்பாரும் தமிழ் நூல்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

தமிழில் ஐயத்துக்கு இலக்கணமே இருக்கிறது. தூரத்தில் ஏதோ நிற்கிறது. மரக்கட்டையா மனிதனா என்று நிச்சயமில்லை. உயர்திணையில் பேசுவதா, அஃறிணையில் பேசுவதா? இரண்டுக்கும் பொதுவான ‘உருவு’ என்ற சொல்லை வைத்துப் பேசலாம் என்கிறது தொல்காப்பியம், கிளவியாக்கத்தில். ஆணா பெண்ணா என்ற ஐயத்துக்குப் பன்மையைச் சொல்லித்தருகிறது. தெரியாதபோது தெரிந்ததுபோல் பேசாதே, அதற்காக வாயை மூடிக்கொள்ளவும் வேண்டாம், பொதுச்சொல்லில் நின்று பேசு என்பதுதான் இதன் சாரம். இலக்கணம் இதைவிட நாகரிகமாக நடந்துகொள்ள முடியாது.

அகத்துறையிலும் ஐயத்துக்கு முறையான ஓர் இடம் உண்டு. காட்சிக்குப் பின் ஐயம், ஐயத்துக்குப் பின் தெளிவு. எதிரே நிற்பவள் தெய்வப் பெண்ணோ மானுடப் பெண்ணோ என்று தலைவன் தடுமாறுகிறான். கண் இமைப்பதையும் சூடிய பூ வாடியிருப்பதையும் பார்த்துத் தெளிகிறான். மாணிக்கவாசகரின் திருக்கோவையாரிலும் முதல் துறை காட்சி, இரண்டாவது ஐயம். காட்சியிலிருந்து நேரே தெளிவுக்குத் தாவ அந்த மரபு தலைவனை விடவில்லை.

ஆனால் என்னை அதிகமாக நிறுத்தி வைத்தது மணிமேகலையில் வரும் ஒரு பட்டியல். சமயக்கணக்கர் தந்திறம் கேட்ட காதையில் அளவைவாதி, அறிவு பிழைபடும் வழிகள் எட்டு என்று அடுக்குகிறான். அவற்றில் ஐயம் ஒன்று. இது எதிர்பார்க்கக்கூடியதுதான். ஐயத்துக்குப் பக்கத்திலேயே ‘தேராது தெளிதல்’ என்று இன்னொரு பிழையை வைக்கிறான். உதாரணம் இரண்டுக்கும் அதே கட்டைதான். தறியோ மகனோ என்று மயங்கி நின்றால் அது ஐயம். ஆராயாமலே தறியை மகன் என்று முடிவு கட்டிவிட்டால் அது தேராது தெளிதல். பிழைகளின் வரிசையில் இரண்டுக்கும் ஒரே தகுதி.

வள்ளுவரும் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தை முடிக்கும்போது, ஆராயாத தெளிவையும் தெளிந்தவனிடம் கொள்ளும் ஐயத்தையும் சேர்த்தே தீராத துன்பம் என்கிறார். அங்கே பேச்சு அரசனைப் பற்றியது. மெய்யுணர்தலில் பேச்சு மாறுகிறது. ஐயத்திலிருந்து நீங்கித் தெளிந்தவர்களைப் பற்றி அங்கே சொல்கிறார். நீங்குவதற்கு முதலில் அதில் இருந்திருக்க வேண்டும். பரிமேலழகர் அந்த ஐயம் எது என்று விளக்குகிறார்: மறுபிறப்பும் வினைப்பயனும் கடவுளும் உண்டோ இல்லையோ என்று துணிவு பிறக்காமல் நிற்பது. அதோடு நிறுத்தாமல், கானல்நீரோ தண்ணீரோ, கயிறோ பாம்போ என்று நிற்பதும் அதுவே என்கிறார். கடவுள் இருக்கிறாரா என்ற கேள்வியையும் கயிறா பாம்பா என்ற கேள்வியையும் ஒரே மூச்சில் சொல்ல அந்த வைணவ உரையாசிரியருக்கு நாக்குக் கூசவில்லை. தெய்வத்தைப் பற்றிய ஐயத்துக்கு அவர் தனியாகப் பாவக்கணக்கு வைக்கவில்லை. அதுவும் ஓர் ஐயம், அவ்வளவுதான்.

ஐயத்துக்கு எதிர்ப்பதம் நம்பிக்கை என்று நாம் பழகியிருக்கிறோம். இந்த நூல்களை வைத்துப் பார்த்தால் அதன் உண்மையான எதிரி தேராத தெளிவு. நம்பிக்கையாளனிடமும் அது இருக்கலாம், நாத்திகனிடமும் இருக்கலாம். இந்தக் கோணத்திலிருந்து நம் சமய வரலாற்றைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

2

மணிமேகலை வஞ்சி நகருக்குள் நுழையும்போது பெண்ணாக நுழையவில்லை. மந்திரத்தால் ஆண் துறவி வடிவம் எடுத்துக்கொண்டு போகிறாள். இளம்பெண் என்று தெரிந்தால் எந்தச் சமயவாதியும் தன் கொள்கையின் உட்பொருளை அவளிடம் சொல்ல மாட்டான் என்று முன்பே எச்சரிக்கை செய்யப்பட்டிருந்தது. கேள்வி கேட்கும் உரிமை யாருக்கு இருந்தது என்பதைச் சாத்தனார் இங்கே ஒளிக்காமல் காட்டிவிடுகிறார். ஐயத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த வேடத்தைத் தாண்டிப் போகக்கூடாது.

அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன், கடைசியாகப் பூதவாதி என்று வரிசையாகக் கேட்கிறாள். பெரும்பாலும் வெறுமனே கேட்டுக்கொண்டே போகிறாள். பூதவாதியிடம் மட்டும் சிரிப்பு வந்துவிடுகிறது. கண்ணால் கண்டதே மெய் என்கிறவன் அவன். முற்பிறப்பு, தெய்வம் என்று அவள் எதைச் சொன்னாலும் அது மயக்கத்தில், கனவில் கண்டது, ஐயத்துக்கு உரியது என்று தள்ளுகிறான். அப்படியானால் உன் தாய் தந்தை யார் என்பதை அனுமானம் இல்லாமல் எப்படி அறிந்தாய், அதையும் ஐயம் என்றுதானே நீ சொல்ல வேண்டும் என்று அவள் திருப்பிக் கேட்கிறாள்.

வாதம் கூர்மையானது. ஆனாலும் அதைப் படிக்கும்போது எனக்கு ஒரு குறை தட்டுகிறது. மணிமேகலை மற்றவர்களின் தெளிவைத்தான் சோதிக்கிறாள். தன் முற்பிறப்பு அவளுக்கு மணிபல்லவத்தில் புத்த பீடிகையைக் கண்டபோதே தெரிந்துவிட்டது. அந்தக் காட்சியைச் சாத்தனார் சோதனைக்கு விடுவதே இல்லை. வீட்டுக்கு வெளியே எல்லாரையும் ஐயப்படு, வீட்டுக்குள் வேண்டாம் என்ற ஏற்பாடு அப்போதே இருந்திருக்கிறது. பிறகு வந்த எல்லாச் சமயங்களும் இதையே கைக்கொண்டன.

இந்த ஏற்பாட்டின் கதி என்னவாயிற்று என்பதற்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதி சாட்சி. உ. வே. சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பிக்க முற்பட்டபோது அதன் பௌத்தக் கருத்துகளை விளக்கத் தமிழ்நாட்டில் பௌத்தர் இல்லை. சீவகசிந்தாமணிக்குக் கும்பகோணத்து ஜைனர்கள் கிடைத்தார்கள். மணிமேகலைக்கு அவருடைய கல்லூரித் தோழர் ரங்காசாரியர் என்ற வைணவர் பௌத்த நூல்களைப் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. 1898இல் ஒரு சைவர் பதிப்பித்து, ஒரு வைணவர் விளக்கி, பௌத்தக் காப்பியம் வெளிவந்தது. ஊரிலுள்ள எல்லாரையும் வாதில் வென்ற நூலுக்குத் தன் வீட்டாரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

3

வென்றவர்களின் கதி இது. தோற்றவர்கள் எப்படி மிஞ்சினார்கள் என்பது இதைவிட விசித்திரம்.

புத்தர் காலத்தில் சஞ்சயன் என்று ஒருவன் இருந்தான். மறுவுலகம் உண்டா என்றால் உண்டு என்றும் சொல்ல மாட்டான், இல்லை என்றும் சொல்ல மாட்டான். அவன் எழுதியது ஒன்றும் நம்மிடம் இல்லை. பௌத்த சூத்திரங்கள் அவனைக் கேலி செய்ய எடுத்துக்காட்டிய சில வாக்கியங்கள்தான் இருக்கின்றன. கைக்குச் சிக்காத வழுக்கு மீன் என்பது இவ்வகை வாதத்துக்கு அவர்கள் வைத்த பெயர். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு என்று நாம் சொல்வதுபோல. புத்தரின் தலைமைச் சீடர்களான சாரிபுத்தரும் மொக்கல்லானரும் முதலில் அவனுடைய மாணவர்கள். அவர்கள் விட்டுப் போனதும் அவன் ரத்தம் கக்கினான் என்கிறது விநய பிடகம். பௌத்தத்தின் இரண்டு பெரிய தூண்கள் ஒரு ஐயவாதியின் பள்ளியிலிருந்து வந்தவை என்பதை அந்த நூல்கள் மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பள்ளியில் அவர்கள் என்ன கற்றார்கள் என்று விசாரிக்கவும் இல்லை.

தமிழில் குண்டலகேசி. கணவனைக் கொல்ல நேர்ந்து, துறவு பூண்டு, நாவல் கிளையை நட்டு ஊர் ஊராக வாதுக்கு அழைத்த பெண்ணின் கதை. பௌத்தக் காப்பியமான அது போய்விட்டது. சில செய்யுள்கள் தவிர அதைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி, அதை மறுக்க எழுந்த நீலகேசியாலும் அதற்குச் சமய திவாகர வாமன முனிவர் எழுதிய உரையாலும் தெரிந்ததே. நீலகேசி ஜைன நூல். குண்டலகேசியில் தொடங்கி, மொக்கலனையும் புத்தரையுமே வாதுக்கு இழுத்து, ஆசீவகன், சாங்கியன், வைசேடிகன், வேதவாதி, பூதவாதி என்று முடிக்கிறது. மறுப்பதற்காகவே எதிரியின் வாதத்தை எடுத்து வைத்தது. எதிரி அழிந்த பிறகு அவனுடைய கல்லறைக் கல்வெட்டு அதுவே ஆயிற்று. சக்கரவர்த்தி நயினார் 1936இல் அதைப் பதிப்பித்தபோது ஜைன நூல் ஒன்றோடு பௌத்த நூல் ஒன்றின் எலும்புகளும் சேர்ந்து வெளிவந்தன.

வடக்கே இன்னொரு கதை. சுமார் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்று கருதப்படும் ஜயராசி பட்டர் ‘தத்துவோபப்லவசிம்மம்’ என்று ஒரு நூல் எழுதினார். எந்த அளவையும் நிலைநிற்காது, பிரத்யட்சம்கூட நிற்காது என்று ஒவ்வொரு தரிசனமாக எடுத்து உடைக்கிற நூல். அதன் ஏட்டுச் சுவடி 1926இல் குஜராத்தின் பாட்டன் நகரத்து ஜைன நூலகத்தில் கிடைத்தது. 1940இல் பரோடாவில் அச்சாயிற்று. எல்லாச் சமயங்களையும் கவிழ்த்த ஒருவனுடைய ஓலையை ஒரு சமயத்தார் பல நூற்றாண்டுகள் பூச்சி அரிக்காமல் வைத்திருந்திருக்கிறார்கள்.

ஐயம் என்ற சொல்லுக்குத் தமிழில் பிச்சை என்றும் பொருள். சொல்லாராய்ச்சி செய்ய நான் வரவில்லை. ஆனால் நம் நாட்டில் ஐயவாதி எதிரி வீட்டுத் திண்ணையில் பிச்சை உண்டுதான் உயிர் பிழைத்திருக்கிறான். இதில் அவமானம் எவ்வளவு உண்டோ அவ்வளவு கௌரவமும் உண்டு. சோறு போட்டவனுக்குத்தான் அந்தக் கௌரவம்.

ஜயராசியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தத்துவங்கள் எல்லாம் கவிழ்ந்த பிறகு உலக வழக்குகளை ஆராயாமலே அனுபவித்துக்கொண்டு போகலாம் என்ற பொருளில் அவர் முடிக்கிறார். அந்த இடம் என்னைத் தொந்தரவு செய்கிறது. எதையும் விடாமல் சோதித்தவர் கடைசியில் வந்து சேர்ந்திருப்பது, இனி எதையும் ஆராய வேண்டாம் என்ற இளைப்பாறும் இடத்துக்கு. ஊரிலுள்ள குருட்டு ஆசாரக்காரனும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். முழுமுற்றான ஐயம் தன் வேலையை முடித்துவிட்டதாக நினைக்கும்போது அதுவும் ஒரு தேராத தெளிவாகிவிடுகிறது.

4

தமிழ்நாட்டுக்குத் திரும்பினால், ஐயத்துக்கு வீட்டுக்குள் அதிகமாக இடம் கொடுத்தது சைவ சித்தாந்தம். ஸ்தாபன பலம் மிகுந்த சமயம் அது என்பதால் இதைச் சொல்லத் தயங்குகிறோம். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியாருக்கு இரண்டு பகுதிகள். தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கம் பின்னால் வருகிறது. முன்னால் வருவது பரபக்கம், பிறர் கொள்கை. பதினான்கு பேர் பேசுகிறார்கள். முதலில் பேசுகிறவன் உலோகாயதன். ஒவ்வொருவனும் முதலில் தன் மதத்தைச் சொல்லி முடிக்க வேண்டும், பிறகுதான் மறுதலை. உலோகாயதன் பேசும் இடங்களில் செய்யுளுக்கு ஒரு துள்ளல் வந்துவிடுகிறது. கேலியும் உலக இன்பத்தின் ருசியும் கலந்த அந்தக் குரலை எழுதியவர் அதைக் காதாரக் கேட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அருணந்தியே ஐயத்தோடு வந்தவர் என்கிறது மரபு. சகலாகம பண்டிதர் என்று பெயர் பெற்ற முதியவர், சிறுவரான மெய்கண்டாரிடம் போய் ஆணவத்தின் வடிவம் என்ன என்று செருக்கோடு கேட்டார். மெய்கண்டார் பதில் சொல்லாமல் கேட்டவரையே பார்த்தார். கதையின் உண்மை எப்படியிருந்தாலும், அவர் பிறகு எழுதிய ‘இருபா இருபது’ குருவிடம் வைக்கும் கேள்விகளாகவே நடக்கிறது. பின்னர் உமாபதி சிவம் பதின்மூன்று வெண்பாக்களில் ‘வினாவெண்பா’ எழுதினார். ஒளியும் இருளும் ஓரிடத்தில் எப்படிச் சேர்ந்திருக்க முடியும் என்பதுபோன்ற கேள்விகள். சித்தாந்த சாத்திரங்கள் என்று எண்ணப்படும் பதினான்கில் கேள்வியையே வடிவமாகக் கொண்ட நூல்களும் இருக்கின்றன. பதில் இருக்கிறது என்ற உறுதியோடு கேட்கப்பட்ட கேள்விகள்தான் இவை, மறுக்கவில்லை. கயிறு கட்டிக்கொண்டு இறங்கிய கிணறு. இருந்தாலும் இறங்கினார்கள்.

பிறகு கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. 1313இல் உமாபதி எழுதிய சங்கற்ப நிராகரணத்தில் மாயாவாதி ஒருவனை விட்டால் எதிரிகள் பெரும்பாலும் சைவத்தின் கிளைகளைச் சேர்ந்தவர்கள். உலோகாயதனுக்கும் பௌத்தனுக்கும் அழைப்பில்லை. சிவஞான சித்தியாரின் சுபக்கத்துக்கு அறுவர் உரை என்று பழைய உரைகள் ஆறு சேர்ந்தன. பரபக்கத்தைத் தொட்ட உரைகாரர்கள் மிகக் குறைவு. 1785இல் மறைந்த சிவஞான முனிவர், தமிழின் மிகக் கூரிய தர்க்க மூளைகளில் ஒருவர், சுபக்கத்துக்குத்தான் பொழிப்புரை எழுதினார். ‘எடுத்து’ என்ற ஒரே சொல்லுக்குக் கொண்ட பொருளைக் காக்க வைரக்குப்பாயம் என்று ஒரு நூலும் எழுதினார். வாள் அதே வாள்தான். அதை வீசும் அறை சிறுத்துவிட்டது.

1854இல் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் ‘சைவதூஷண பரிகாரம்’ எழுதியபோது வாதத்தின் திசையே மாறிவிட்டது. பேர்சிவல் பாதிரியாரோடு சேர்ந்து பைபிளை மொழிபெயர்த்தவர் அவர். எதிரியின் வேதத்தை அவரளவு அறிந்த சைவர் அப்போது இல்லை. அந்த அறிவைக் கொண்டு அவர் செய்தது, நீ பழிக்கும் கிரியைகள் உன் புத்தகத்திலும் இருக்கின்றன என்று காட்டுவது. மிஷனரிகளின் கர்வத்துக்கு அது தேவையான அடிதான். ஆனால் உலோகாயதனுக்கு அருணந்தி பதில் சொன்னபோது கேள்வி, இது உண்மையா என்பது. நாவலரிடம் கேள்வி, உன்னிடம் இது இல்லையா என்பதாகிவிட்டது. இரண்டு வீட்டுக்காரர்கள் ஒருவர் குப்பையை ஒருவர் காட்டிக்கொள்கிறார்கள். ஐயத்துக்கு அங்கே வேலை இல்லை. 1869இல் அருட்பா மருட்பாச் சண்டை அவதூறு வழக்காக மஞ்சக்குப்பம் நீதிமன்றம் ஏறியபோது, ஒரு பாட்டு அருளால் வந்ததா என்ற சமயத்தின் ஆழமான ஐயங்களில் ஒன்று வாதி பிரதிவாதிகளின் விஷயமாயிற்று.

5

அந்த வழக்கில் எதிர்த்தரப்பில் இருந்த ராமலிங்கர்தான் இந்த வரலாற்றில் எனக்கு மிக நெருக்கமானவர். 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் கொடியேற்றி அவர் பேசியதைக் கேட்டவர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். சைவத்தில் தமக்கு முன்பு இருந்த பற்று எவ்வளவு என்பதற்குத் தம் பழைய பாடல்களே சாட்சி என்றும், அப்போது தமக்கு அறிவு அவ்வளவுதான் இருந்தது என்றும் அவர் சொல்கிறார். தம்முடைய தெளிவையே எடுத்துத் தறியா மகனா என்று பார்க்கிறார். மணிமேகலை செய்யாதது இது. அவர் பழைய பாடல்களைக் கிழித்துப் போடவில்லை. சாத்திரங்களைத் தள்ளிய ஆறாம் திருமுறை அவர் மறைந்த பிறகு 1885இல் அச்சேறியது. சிவபெருமானிடம் உருகிய முதல் திருமுறைகளும் அதுவும் இன்று ஒரே நூலாகக் கட்டப்பட்டிருக்கின்றன. ஒரு மனிதனின் சுபக்கமும் பரபக்கமும். அவரும் கடைசியில் அருட்பெருஞ்ஜோதியிடம் ஒரு நிச்சயத்தை அடைந்தார். ஆனால் அந்த நிச்சயத்துக்கு வந்த வழியை அவர் அழிக்கவில்லை.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில், 1882 முதல் 1888 வரை, சென்னையில் ‘தத்துவ விவேசினி’ என்ற பத்திரிகை வந்தது. கடவுளையும் சாதியையும் சடங்கையும் கேள்வி கேட்ட சுயசிந்தனையாளர்களின் ஏடு. நம் ஐயவாதி திண்ணையை விட்டுத் தன் சொந்த அச்சுக்கு வந்துவிட்டான். ஆயினும் நீண்ட காலம் அவர்கள் பெரும்பாலும் மறக்கப்பட்டே கிடந்தார்கள். வீ. அரசு 2012இல் அவற்றைத் தொகுத்து வெளியிட நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. நீலகேசி குண்டலகேசிக்குச் செய்ததை அவர்களுக்குச் செய்ய ஒரு நல்ல எதிரி அமையவில்லை.

இதெல்லாம் பழைய ஓலைகளின் விஷயம் என்று நான் நினைக்கவில்லை. என் அப்பாவுக்கு ஆண்டுதோறும் திதி கொடுக்கிறேன். எள்ளும் தண்ணீரும் எங்கே போய்ச் சேருகின்றன என்று எனக்குத் தெரியாது. போய்ச் சேருகிறது என்று சொல்லும் உறவினர்கள் இருக்கிறார்கள். இதெல்லாம் புரோகிதப் பிழைப்பு என்று சொல்லும் நண்பர்கள் இருக்கிறார்கள். இரண்டு பேரிடமும் கேட்டுப் பார்த்தேன். எதிர்த்தரப்பின் வாதத்தை அவன் ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்ல ஒருவருக்கும் முடியவில்லை. அருணந்தி இவர்களைத் தம் வாத சபைக்குள் விட்டிருக்க மாட்டார். ஜயராசியின் வழி எனக்குத் திறந்திருக்கிறது: ஆராயாமல் செய்துவிட்டுப் போகலாம். அது என்னால் ஆகவில்லை. ஒவ்வோர் ஆண்டும் எள்ளைக் கையில் எடுக்கும்போது கேள்வியும் கூடவே வருகிறது. கேள்வி வருவதால்தான் அந்த நாளில் அப்பாவை உண்மையாக நினைக்கிறேன் என்றும் தோன்றுகிறது. தெளிந்தவனாக இருந்தால், எந்தப் பக்கம் தெளிந்திருந்தாலும், அது பத்து நிமிஷ வேலை.

ஐயத்திலேயே குடியிருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. வள்ளுவர் அதிலிருந்து நீங்கச் சொல்கிறார், தலைவனும் இமைக்கும் கண்ணைப் பார்த்துத் தெளியத்தான் செய்கிறான். நம் முன்னோர் அதற்குக் கொடுத்த இடத்தை, காட்சிக்கும் தெளிவுக்கும் நடுவிலுள்ள இடத்தை, இல்லையென்று ஆக்காமல் இருந்தால் போதும். இன்று சைவனாயினும் நாத்திகனாயினும் புத்தகம் எழுத உட்காருகிறவன், முதல் பாதியை எதிரிக்குக் கொடுத்து அவன் குரலில் துள்ளலோடு எழுத முடிகிறதா என்று பார்க்கட்டும். முடியாதவனுடைய இரண்டாம் பாதியைப் படிக்க எனக்கு அவசரமில்லை. தூரத்தில் நிற்பது கட்டையா மனிதனா என்று தெரியும்வரை, தொல்காப்பியம் சொன்னபடி, உருவு என்றே சொல்லிக்கொண்டிருப்போம்.